ராஜகிரிப் பாறையை அடுக்கியது யார்?



"மலருக்கு ஒரு கட்டுரை கொடு" என்று மாணவர் சங்கச் செயலாளர் கேட்டார். "கடவுளைப் பற்றி எழுதட்டுமா?" என்றேன். "வேண்டாம்பா, வம்பு வரும்" என்றார். வம்பு ஏற்கெனவே நம் ஹாஸ்டலில் வந்து போய்விட்டது என்பது அவருக்கும் தெரியும். நடந்ததை எழுதி வைத்தால் அடுத்து வரும் தம்பிகளாவது கொஞ்சம் பொறுமையாகச் சண்டை போடுவார்களே என்றுதான் எழுதுகிறேன்.

டிப்ளமோ படிக்கிற நமக்கு எதற்கு இந்தத் தத்துவம் என்று கேட்காதீர்கள். தெர்மல் அரியரைவிட இது கஷ்டமானது இல்லை!

மலை மேல் நடந்த சண்டை

இரண்டாம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேர் ராஜகிரிக் கோட்டை ஏறினோம். எங்கள் அறையில் இரண்டு பேருக்குப் பட்டப் பெயர் உண்டு. ஒருவன் 'சாமி'. அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் போய் வருவான். இன்னொருவன் 'தோழர்'. பகத்சிங் 1930-இல் லாகூர்ச் சிறையில் எழுதிய, ஜீவா தமிழில் தந்த 'நான் நாத்திகன் ஏன்?' புத்தகம் அவன் தலையணைக்குக் கீழேயே இருக்கும். இருவருக்கும் நடுக்கட்டில் என்னுடையது.

உச்சிக்குச் சற்று முன்னால், பிளவின் மேல் போட்ட பாலத்துக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். நம் ஊர் மலைகளை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாறை மேல் பாறை, அதன் மேல் இன்னொரு பாறை. யாரோ கொண்டு வந்து வைத்துவிட்டுப் போன மாதிரி நிற்கும்.

"பாருங்கடா, மனுஷனால இப்படி அடுக்க முடியுமா? மேல ஒருத்தன் இருக்கான்டா. படைச்சவன் இல்லாம படைப்பு வருமா?" என்றான் சாமி.

"அப்ப உன் சாமியை யாருடா படைச்சது?" என்றான் தோழர்.

"அவருக்கு யாரும் வேணாம்."

"அப்ப பாறைக்கு மட்டும் எதுக்குடா ஆள் வேணும்?"

அதற்கு மேல் நடந்தது வாதம் அல்ல, வசை. இறங்கும்போது ஆளுக்கொரு பக்கம் இறங்கினார்கள். நான்கு மாதம் மெஸ்ஸில் தனித்தனி மேசை. "ஃபேனை நிறுத்தச் சொல்லு அவனை" என்று ஒருவன், "குளிருதுன்னா போர்த்திக்கச் சொல்லு" என்று இன்னொருவன். நடுக்கட்டில்காரன் பாடு என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

யார் சொல்வது சரி என்று நூலகத்தில் தேட ஆரம்பித்தேன். தேடியதில் ஓர் ஆச்சரியம். அந்த நான்கு வரிச் சண்டையை நம் செஞ்சியைச் சுற்றியே எத்தனையோ நூற்றாண்டுகளாக எவ்வளவோ அழகாகப் போட்டிருக்கிறார்கள். நாம்தான் அதைத் தெரிந்துகொள்ளாமல் கத்திக்கொண்டிருக்கிறோம்.

லேத் முன்னால் நின்று பார்த்தால்

முதலில் சாமியின் கட்சி. அதன் பெரிய வழக்கறிஞர் நம் மாவட்டத்துக்காரர்தான். விழுப்புரம் தாண்டி இருக்கிறதே திருவெண்ணெய்நல்லூர், அங்கே 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார். அது ஏற்கெனவே வழக்குக்குப் பேர் போன ஊர். சுந்தரரை 'நீ என் அடிமை' என்று கிழவர் வேடத்தில் வந்த சிவன் ஓலையைக் காட்டி வழக்காடி வென்றதாகச் சொல்லும் கதை நடந்தது அங்கேதான். ஆதாரம் காட்டாமல் கடவுளே வழக்கில் ஜெயிக்க முடியாத ஊர்!

மெய்கண்டாரின் சிவஞான போதம் பன்னிரண்டே சூத்திரம். முதல் சூத்திரமே நம் விஷயம். அதன் கருத்தை நம் பாஷையில் சொல்கிறேன். உலகம் என்பது பலவகைப் பொருள்களின் கூட்டம். ஒவ்வொன்றும் தோன்றுகிறது, கொஞ்ச காலம் நிற்கிறது, அழிகிறது. தோன்றி அழிவது எதுவோ அது செய்யப்பட்ட பொருள். செய்யப்பட்ட பொருளுக்குச் செய்தவன் ஒருவன் வேண்டும். அறிவில்லாத சடப்பொருள் தன்னைத்தானே ஒழுங்காகச் செய்துகொள்ளாது.

சித்தாந்திகள் காரணத்தை மூன்றாகப் பிரிப்பார்கள். பானைக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். நம் ஒர்க்‌ஷாப்புக்கு வாருங்கள். எம்.எஸ். ராடு முதற்காரணம், லேத்தும் டூலும் துணைக்காரணம், கைப்பிடியைத் திருப்புகிற நாம் நிமித்த காரணம். ராடையும் லேத்தையும் ஒரே அறையில் பூட்டி வைத்துவிட்டு மூன்று வருஷம் கழித்துத் திறந்தால் ஸ்டெப் டர்னிங் முடிந்திருக்குமா? துருதான் பிடித்திருக்கும். உலகத்துக்கு மாயை ராடு, சக்தி கருவி, சிவன் நிமித்த காரணம். இது அவர்கள் வாதம்.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஒன்றுமே இல்லாததிலிருந்து கடவுள் உலகத்தை உண்டாக்கினார் என்று மெய்கண்டார் சொல்லவில்லை. கடவுள், உயிர், தளை மூன்றுமே தொடக்கம் இல்லாதவை என்பதே சித்தாந்தம். சூன்யத்திலிருந்து படைப்பு என்பது இஸ்லாமிய, கிறித்துவ அறிஞர்கள் வேறு விதமாக வாதாடிய விஷயம். 11-ஆம் நூற்றாண்டில் கஸ்ஸாலி, 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்று அது ஒரு தனிப் பட்டியல். அக்குவினாஸும் மெய்கண்டாரும் ஒரே நூற்றாண்டு. ஒருவரை ஒருவர் அறியாமலே இருவரும் உலகத்தைக் காட்டி அதன் காரணத்தைத் தேடியிருக்கிறார்கள்.

இரண்டு, தோழர் கேட்ட 'அப்ப கடவுளை யார் படைச்சது?' என்ற கேள்வி இந்த வாதத்தின் மேல் படவே இல்லை. 'எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு' என்று யாரும் சொல்லவில்லை. 'தோன்றி அழிவதற்குக் காரணம் உண்டு' என்றுதான் சொன்னார்கள். தோன்றாத ஒன்றைப் பார்த்து 'உன்னை யார் தோற்றுவித்தது?' என்று கேட்பது, சொந்த வீட்டுக்காரரிடம் 'மாச வாடகை எவ்வளவு?' என்று கேட்பது மாதிரி. தோழரே, மன்னிக்கணும். முதல் ரவுண்டில் உனக்கு மார்க் இல்லை.

புற்றும் பாறையும்

அதனால் சாமி ஜெயித்துவிட்டானா? பொறுங்கள்.

7-ஆம் நூற்றாண்டில் தர்மகீர்த்தி என்று ஒரு பௌத்தப் பேரறிஞர். தென்னாட்டில் பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. அவர் கேட்டது ரொம்ப எளிமையான கேள்வி. பானையும் மண்ணால் ஆனது, புற்றும் மண்ணால் ஆனது. பானையைக் குயவன் செய்தான் என்பதற்காகப் புற்றையும் குயவன்தான் செய்தான் என்பீர்களா?

இதை யோசித்துக்கொண்டே மறுபடி ஒரு நாள் தனியாக ராஜகிரி ஏறினேன். சாமி காட்டிய இடத்திலேயே இரண்டு விதமான கல் இருக்கிறது. ஒன்று கோட்டைச் சுவர். இன்னொன்று பாறைக் குவியல். இரண்டும் கல் மேல் கல்தான். சுவரைப் பார்த்ததும் 'கொத்தன் கட்டியது' என்கிறோம். ஏன்? கொத்தன் சுவர் கட்டுவதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். உளி பட்ட தடம் தெரிகிறது. ஆனால் பாறைக் குவியலை யாரும் அடுக்கிப் பார்த்ததில்லை.

அது எப்படி வந்தது என்பதைப் புவியியல் சொல்கிறது. இந்தப் பாறை சுமார் 250 கோடி ஆண்டுப் பழையது. பூமிக்கு ஆழத்தில் உருகிக் கிடந்த குழம்பு மெல்ல ஆறி இறுகியது. மேலே மூடியிருந்த மண்ணும் கல்லும் தேய்ந்து போனதும் பாரம் குறைந்து, நெடுக்கும் குறுக்குமாக வெடிப்பு விட்டது. வெடிப்பில் தண்ணீர் இறங்கியது. மூலைகள் சீக்கிரம் அரிந்தன, ஏனென்றால் மூலைக்கு மூன்று பக்கமும் தண்ணீர் படுகிறது. சதுரமாக வெடித்தது உருண்டையானது. இடையில் இருந்த மக்கு மழையில் கரைந்து ஓட, உருண்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக நின்றுவிட்டன. ஆக யாரும் அடுக்கவில்லை. உள்ளே இருந்ததை மழை வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

'அந்த மழைக்கும் வெயிலுக்கும் விதி வைத்தவன் யார்?' என்று சாமி கேட்பான். கேட்கலாம். ஆனால் அது வேறு கேள்வி. 'பாறையை அடுக்கியவன் வேண்டும்' என்ற பழைய வாதம் அங்கேயே நின்றுபோயிற்று. செய்வதைப் பார்த்திருக்கிற பொருளிலிருந்து, செய்வதை யாருமே பார்க்காத பொருளுக்குத் தாவும்போது நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. ராஜகிரி உச்சியில் அந்தப் பிளவுக்குப் பாலம் போட்டிருக்கிறார்கள். இந்தப் பிளவுக்கு இன்னும் பாலம் போட்டாகவில்லை.

57 நாள் பட்டினி

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் போகிற வழியில் திருநாதர்குன்று இருக்கிறது. ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களையும் செதுக்கியிருக்கிறார்கள். தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் மேல்சித்தாமூரும் நமக்குப் பக்கம்தான். இவர்கள் கடவுள் படைப்பை ஒப்புக்கொள்ளாதவர்கள். உலகத்துக்குத் தொடக்கமே இல்லை, ஆகவே தொடங்கி வைத்தவனும் தேவையில்லை என்பது அவர்கள் கட்சி. 9-ஆம் நூற்றாண்டில் ஜினசேனர் ஆதிபுராணத்தில் அடுக்கடுக்காகக் கேட்டிருக்கிறார். படைப்பதற்கு முன் அவர் எங்கே இருந்தார்? எந்தப் பொருளைக் கொண்டு செய்தார்? கருணையால் படைத்தார் என்றால் துன்பம் இல்லாமல் படைத்திருக்கலாமே? பகத்சிங் சிறையில் கேட்டதும் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்விதான்.

சித்தாந்திகள் சும்மா விடவில்லை. துன்பம் அவரவர் வினை. ஆனால் வினை அறிவில்லாதது, அது தானாக வந்து உரியவனைச் சேராது. நாம் எழுதிய விடைத்தாள் தனக்குத் தானே மார்க் போட்டுக்கொள்ளுமா, திருத்த ஓர் ஆள் வேண்டாமா என்பது போன்ற வாதம். சமணர் பதிலோ வினையே ஒரு நுண்பொருள், உயிரில் ஒட்டிக்கொண்டு தானே பலன் தரும் என்பது. தீயைத் தொட்டால் சுடுகிறது, சுடுவதற்கு ஓர் அதிகாரி வேண்டுமா? எனக்கு இரண்டு உவமையும் பிடித்திருக்கிறது. எது பொருத்தம் என்று நீங்களே யோசியுங்கள்.

ஆனால் திருநாதர்குன்றில் என்னை நிறுத்தியது வேறு விஷயம். சந்திரநந்தி ஆசிரியர் என்பவர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்டதை அங்கே ஒரு பழைய கல்வெட்டு சொல்கிறது. தமிழ் எழுத்து 'ஐ' காணப்படும் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று என்று அதைச் சிறப்பாகச் சொல்வார்கள். 'கடவுள் பயம் இல்லைன்னா மனுஷன் மிருகமாயிடுவான்' என்று நம் பெரியவர்கள் அடிக்கடி சொல்கிறார்கள் அல்லவா? படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதையே ஏற்காத ஒருவர், தன் கொள்கைக்காக 57 நாள் தன்னை அடக்கி உட்கார்ந்திருந்தார். அவர் நோன்பை ஏற்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். ஆனால் அவரை ஒழுக்கம் கெட்டவர் என்று யார் சொல்வது?

பக்தரே எதிர்த்தார்!

சரி, பௌத்தரும் சமணரும் மறுப்பது எதிர்பார்க்கக் கூடியது. என்னைத் தூக்கிவாரிப் போட்டவர் வேறொருவர். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர்!

பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில், மூன்றாம் சூத்திரத்தின் கீழ், இந்த வாதத்தை எடுத்துவைத்து ஒவ்வொரு செங்கலாகப் பிடுங்கிவிடுகிறார். உலகத்தைப் பார்த்து அனுமானத்தால் கடவுளை நிரூபிக்க முடியாது, வேதத்தால்தான் அவரை அறிய முடியும் என்பது அவர் முடிவு. அவர் காட்டும் ஓட்டைகளில் ஒன்று இது. மலையும் கடலும் செய்யப்பட்டவை என்றே வைத்துக்கொள்வோம். அவை எல்லாம் ஒரே காலத்தில் ஒருவராலேயே செய்யப்பட்டன என்பதற்கு என்ன ஆதாரம்? பானையும் சுவரும் வேறு வேறு காலத்தில் வேறு வேறு ஆட்களால் செய்யப்படுவதைத்தானே பார்க்கிறோம்?

செஞ்சிக்காரனுக்கு இதை விளக்க வேண்டுமா? நம் கோட்டையை ஒருவரா கட்டினார்? கோனார் தொடங்கினார்கள் என்பது மரபு. அப்புறம் நாயக்கர், பீஜப்பூரார், 1677-இல் பிடித்த சிவாஜி, 1698-இல் பிடித்த முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். பலர் கை பட்ட கோட்டை. 2025-இல் யுனெஸ்கோ அதை மராத்தியக் கோட்டைகளின் வரிசையில் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அதற்காக மராத்தியர் மட்டும் கட்டியது என்று ஆகிவிடுமா? ஒரு கோட்டையைப் பார்த்து ஒரு கொத்தன் என்று முடிவு கட்ட முடியாதபோது, உலகத்தைப் பார்த்து 'ஒருத்தன் இருக்கான்டா' என்று எப்படி முடிவு கட்டுவது? ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூம் எழுதி, அவர் இறந்த பிறகு 1779-இல் வெளிவந்த உரையாடல் நூலிலும் இதே கேள்வி வருகிறது. அவருக்கு 600 ஆண்டு முன்பே, அதுவும் பக்தியின் உச்சியில் இருந்த ஒருவர் இதைக் கேட்டுவிட்டார்.

1948-இல் லண்டன் பி.பி.சி. வானொலியில் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் காப்பிள்ஸ்டன் பாதிரியாரும் இதே விஷயத்தை விவாதித்தார்கள். ரஸ்ஸல் சொன்ன உவமையை நம் பாணியில் சொன்னால், நம் சங்கத்தில் ஒவ்வொருவனுக்கும் ஓர் அம்மா உண்டு. அதற்காக மாணவர் சங்கத்துக்கே ஓர் அம்மா உண்டா? பகுதிக்குப் பொருந்துவது மொத்தத்துக்கும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அத்தனை சூடான விஷயத்தை இருவரும் எவ்வளவு மரியாதையாகப் பேசினார்கள்! நம் ஹாஸ்டலுக்கு அதுதான் முக்கியம்.

பெருவெடிப்பு தீர்ப்பு சொன்னதா?

'இதெல்லாம் பழைய கதை. சயின்ஸ் என்ன சொல்லுது?' என்பீர்கள். 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பிரபஞ்சம் மிகச் சிறியதாக, மிகச் சூடாக இருந்து விரியத் தொடங்கியது என்கிறது. அந்தக் கருத்துக்கு 1931-இல் வழி காட்டிய லெமெய்த்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இதைப் படைப்புக்குச் சான்றாக எடுத்துப் பேசியபோது லெமெய்த்ருக்கு அது பிடிக்கவில்லை. அறிவியல் கொள்கையை மதத்துக்குச் சாட்சி சொல்ல இழுக்காதீர்கள் என்பது அவர் நிலை. விரிவு எப்படி நடந்தது என்பது கணக்கு. அதற்கும் முன்னால் என்ன என்பதில் இன்னும் தீர்ப்பு வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாராலும் கொல்ல முடியவில்லை. ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கலாமே, ஏன் ஏதோ ஒன்று இருக்கிறது? ஜெர்மனியின் லைப்னிட்ஸ் இதை எழுதியது 1714-இல். நம் தேசிங்கு ராஜன் போர்க்களத்தில் விழுந்த அதே வருஷம்! பதில் 'கடவுள்' என்பார் லைப்னிட்ஸ். 'உலகம் இருக்கிறது, அவ்வளவுதான்' என்பார் ரஸ்ஸல். இரண்டு பதிலிலும் எனக்குப் பசி அடங்கவில்லை.

காரணம் வேறு, கருணை வேறு

என் கட்சி என்ன என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன். சின்ன வயதில் ஆயா கையைப் பிடித்துக்கொண்டு சிங்கவரம் படி ஏறியவன். ஆனால் 'படைப்பு இருக்கு, அதனால படைச்சவன் இருக்கான்' என்று இனி யாரிடமும் வாதாட மாட்டேன். ராமானுஜருக்கே அது தேவைப்படவில்லை, எனக்கு எதற்கு?

சிங்கவரத்தில் ஆயா சொன்ன கதை உங்களுக்கும் தெரியும். போருக்குப் புறப்படுமுன் தேசிங்கு உத்தரவு கேட்டபோது, போகாதே என்பது போலப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அந்தக் கதையில் வரும் பெருமாள் 'முதல் காரணம்' அல்ல. ஒரு பையன் சாகப் போகிறானே என்று முகம் திருப்புகிறவர். எந்த லேத் உவமையாலும் அவரை நிரூபிக்க முடியாது. அந்த வாதம் முழுசாக ஜெயித்தாலும் நமக்குக் கிடைப்பது ஒரு காரணம்தான். நாம் கூப்பிட்டால் காது கொடுக்கும் கடவுள் கிடைப்பதில்லை. மெய்கண்டாருக்கும் இது தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் முதல் சூத்திரத்தோடு நிறுத்தியிருப்பாரே, இன்னும் பதினொன்று எதற்கு?

இதை எனக்குப் புரிய வைத்தது புத்தகம் அல்ல. ஐந்தாம் செமஸ்டரில் சாமியின் அப்பா நெஞ்சு வலியில் காலமானார். நாங்கள் எல்லோரும் அவன் ஊருக்குப் போனோம். நான்கு மாதம் பேசாத தோழர்தான் சாமி பக்கத்தில் கடைசி வரை நின்றான். காரியம் முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பிய முதல் ராத்திரி. லைட்டை அணைத்த பிறகு சாமி மெதுவாகச் சொன்னான்: "மச்சான், நீ சொன்னதுதான் சரி போலடா. மேல ஒருத்தன் இருந்தா எங்கப்பாவுக்கு இப்படிப் பண்ணுவானா?"

நடுக்கட்டிலில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். ஜெயித்துவிட்டான் தோழர் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தோழர் சொன்னான்: "இல்லடா. உங்கப்பா போனதை வெச்சு நான் ஜெயிக்க வேணாம். அது வேற கணக்கு, இது வேற கணக்கு. தூங்கு."

அவன் ஜினசேனரையும் படித்ததில்லை, ஹியூமையும் படித்ததில்லை. ஆனால் நான் படித்ததை எல்லாம்விட அது நேர்மையாக இருந்தது. துக்கத்தில் இருப்பவனிடம் போய் 'எல்லாம் அவன் செயல்' என்று அடிப்பதும் தப்பு, 'பார்த்தாயா, அவன் இல்லை' என்று அடிப்பதும் தப்பு.

சாமி இப்போது மறுபடி அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிறான். தோழர் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போய் ஏற்றிவிட்டு வருகிறான். திரும்பி வந்ததும் பிரசாதம் எங்கே என்று முதலில் கேட்பதும் அவன்தான். வாதம் இன்னும் முடியவில்லை. மெஸ்ஸில் ஒரே மேசையில் உட்கார்ந்து நடக்கிறது. 'ரெண்டாவது பாயின்ட்டுக்கு வாடா' என்று கேட்டு கேட்டுப் பேசுகிறார்கள்.

நண்பர்களே, கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதை நம் மலரில் எழுதித் தீர்க்க முடியாது. ஆனால் எதிராளி சொல்வதை அவனைவிட நன்றாகச் சொல்லிக் காட்டிவிட்டு அப்புறம் மறுப்பது என்ற பழக்கம் இந்த மண்ணில் இருந்தது. மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் 'பரபக்கம்' என்று பாதி நூலையே எதிர்க்கட்சிகளுக்கு ஒதுக்கி, அவர்கள் வாதத்தை முதலில் சொல்லி, பிறகுதான் பதில் சொல்கிறார். அந்தப் பழக்கத்தையாவது நாம் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த முறை ராஜகிரி ஏறும்போது பாறையைப் பார்த்துக் கேள்வி கேளுங்கள். கூட வந்தவனை விட்டுவிட்டு மட்டும் இறங்காதீர்கள்!

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்